கத்திரி வெயிலில் குழந்தைகளோடு ஊர் சுற்றலாமா?

"அம்மா, இன்னிக்கு எங்கே போறோம்?"

பரீட்சை முடிந்த மறுநாள் காலை, பல் கூடத் தேய்க்காமல் வாண்டுகள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். வெளியே அக்கினி நட்சத்திரம் சுட்டெரிக்கிறது. உள்ளேயே அடைத்து வைத்தால் இரண்டு பேரும் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக் கொள்கிறார்கள், இல்லாவிட்டால் செல்போனை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன் என்கிறார்கள். போதாக்குறைக்கு வெளியூரிலிருந்து விருந்தினர் வேறு. "பட்டணத்துக்கு வந்தோம், ஒண்ணும் பார்க்கலே" என்று அவர்கள் குறைப்பட்டுக்கொண்டு ஊர் திரும்பும்படி விட முடியுமா?

நானும் ஒரு மே மாதம் அப்படித்தான் கிளம்பினேன். திருச்சியிலிருந்து நாத்தனார் தன் இரண்டு குழந்தைகளோடு வந்திருந்தாள். பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு நாலு. என்னுடையது ஒன்று. காலையில் ஊருக்கு வெளியே ஒரு பூங்கா, மத்தியானம் ஹோட்டல் சாப்பாடு, சாயங்காலம் பீச் என்று பெரிய திட்டம் போட்டோம். இட்லி, குளியல், சடை பின்னல், பூ எல்லாம் முடிந்து பூங்காவில் கால் வைத்தபோது மணி பதினொன்று! கையில் இருந்தது ஒரே ஒரு தண்ணீர் பாட்டில். அதுவும் பெரியவர்கள் வாயில் போய் முடிந்துவிட்டது.

பன்னிரண்டரை மணி வரை சின்னவள் சிணுங்கிக்கொண்டே வந்தாள். தூக்கு என்றாள், வேண்டாம் என்றாள், ஐஸ்கிரீம் என்றாள், வாங்கிக் கொடுத்தால் அதையும் தள்ளிவிட்டாள். அப்புறம் திடீரென்று சத்தமே இல்லை. "அப்பாடா, அடங்கிட்டா அண்ணி" என்று நாத்தனார் நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். நானும் சந்தோஷப்பட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் புத்தி இல்லை! அது அடங்கியது அல்ல, துவண்டு போனது.

மரத்தடியில் வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டிதான் முதலில் கவனித்தாள். "ஏம்மா, பாப்பா மூஞ்சியைப் பாரு, நெருப்பா செவந்து கிடக்கு. காலையிலேர்ந்து ஒண்ணுக்குப் போச்சா?" என்று கேட்டாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டோம். போகவில்லை. பாட்டி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குழந்தையின் ஜரிகைப் பாவாடையை அவிழ்த்தாள், குடத்துத் தண்ணீரில் துண்டை நனைத்து உடம்பெல்லாம் துடைத்தாள், முறத்தால் விசிறினாள். ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாய் வாயாகப் புகட்டினாள். அரை மணி நேரம் கழித்துக் குழந்தை "அம்மா" என்று கூப்பிட்டபோதுதான் எங்களுக்கு மூச்சே வந்தது. அங்கிருந்து நேராக டாக்டரிடம் ஓடினோம். "உடம்பில் நீர் வற்றிப் போச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பெரிய ஆஸ்பத்திரிதான்" என்றார் அவர்.

அன்றோடு ஊர் சுற்றுவதை விட்டுவிட்டேனா என்று கேட்டால், இல்லை. சுற்றுகிற நேரத்தை மாற்றிக்கொண்டேன்.

சென்னைக் கோடைக்கு ஒரு நேரக் கணக்கு உண்டு. காலை ஒன்பது, ஒன்பதரை வரை ஒரு சென்னை. அதற்குப் பிறகு கடற்காற்று வரும் வரை வேறு சென்னை. சாயங்காலம் மூன்றாவது. வெயில் ஏற ஏறத் தரை சீக்கிரம் சூடாகிறது, கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாவதில்லை. தரைமேல் உள்ள காற்று சூடாகி மேலே போக, கடல்மேல் உள்ள குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. சாதாரணமாக உச்சிப்பொழுதை ஒட்டியோ சற்றுப் பின்னாலோ இது வந்துவிடும். ஆனால் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடற்காற்றை உள்ளே நுழைய விடாது. ஊர் கொதிப்பது அந்த நாட்களில்தான். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது நினைவிருக்கிறதா?

இதற்கு நான் பார்க்கிற கருவி மொட்டை மாடித் துணிக்கொடிதான். மத்தியானம் ஒரு மணிக்கு வேட்டி, துண்டெல்லாம் மேற்குப் பக்கமாகப் பறந்தால் கடற்காற்று வந்தாயிற்று. சாயங்காலம் தைரியமாகக் கிளம்பலாம். அப்போதும் கிழக்குப் பக்கமாகவே பறந்துகொண்டிருந்தால், "இன்னிக்கு வீட்டிலேயே பல்லாங்குழி" என்று சொல்லிவிடுவேன். குழந்தைகள் முகத்தைத் தூக்கி வைத்துக் கொள்ளட்டும், பரவாயில்லை.

காலை வேளைக்கு மயிலாப்பூர் லஸ்ஸில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்கா எனக்கு மிகவும் பிடித்த இடம். பெரிய பெரிய மரங்கள், உட்காரப் பெஞ்சு, ஓடியாட இடம். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் சின்னக் குழந்தைகள் மைக்கே இல்லாமல் பாடுகிற கச்சேரியும் இங்கே நடந்து வந்திருக்கிறது. பாட்டுக் கற்றுக்கொள்ளும் பெண்ணோ பையனோ வீட்டில் இருந்தால் அழைத்துப் போங்கள். நாம் நூறு முறை "சாதகம் பண்ணு" என்று சொல்வதைவிடத் தன் வயசுக் குழந்தை பாடுவதை ஒரு முறை கேட்பது மேல். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தையும் காலையில்தான் பார்க்க வேண்டும். அங்கே அனுமதிக்கிற நேரம் கொஞ்சம்தான், விசாரித்துக்கொண்டு போவது நல்லது. நானூறு வயதுக்கு மேல் ஆன மரம் என்கிறார்கள். தாய்மரம் 1989ல் காற்றில் விழுந்துவிட்டது. விழுதுகளே மரங்களாகித் தோப்பாய் நிற்கின்றன. "அப்போ இதுல அம்மா மரம் எங்கே?" என்று என் பிள்ளை கேட்டதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மத்தியானத்தில் என்ன செய்வது? கூரை உள்ள இடத்துக்குப் போக வேண்டும். நான் முதலில் சொல்வது எழும்பூர் மியூசியம். 1851ல் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறக்காதீர்கள். கேட் வரை போய்த் திரும்பி வந்த அனுபவம் எனக்கு உண்டு. எழும்பூர் மெட்ரோவில் இறங்கினால் ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான்.

மியூசியத்தில் நாம் செய்கிற தப்பு, கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று குழந்தையைக் கையைப் பிடித்து இழுப்பது. மூன்றே மூன்று பொருளை வைத்துக்கொள்ளுங்கள், போதும். எங்கள் வீட்டுக் கணக்கு இது: ஒரு நடராஜர், ஒரு அர்த்தநாரீஸ்வரர், ஒரு திமிங்கிலம்.

வெண்கலச் சிலைக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். சோழர் காலத்தவர். பிரெஞ்சுச் சிற்பி ரோடேன், சென்னை மியூசியத்து நடராஜரைப் புகைப்படங்களில் பார்த்தே மயங்கிப்போய்க் கட்டுரை எழுதினார். அது 1921ல் அச்சாயிற்று. நமக்கோ பஸ் ஏறினால் நேரிலேயே பார்க்கலாம்! குழந்தையிடம், "இந்த மாதிரி ஒத்தைக் காலில் நீ எத்தனை எண்ணும் வரை நிப்பே?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கால், தூக்கிய கால், வீசிய கை எல்லாம் தானாகவே மனசில் பதியும். திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரரிடம், "எந்தப் பக்கம் அம்மா, எந்தப் பக்கம் அப்பா?" என்று கேளுங்கள். தோடு, இடுப்பு, கை என்று ஒவ்வொன்றாகக் குழந்தையே கண்டுபிடித்துச் சொல்லும்.

சிலை செய்கிற விதத்தையும் சொல்லிக் கொடுங்கள். முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள். அதன்மேல் களிமண் பூசிக் காயவைத்துச் சுட்டால் மெழுகு உருகி வழிந்துவிடும். உள்ளே வெற்றிடம். அதில் உலோகத்தைக் காய்ச்சி ஊற்றி, ஆறினதும் மண்ணை உடைத்தால் சிலை. அச்சு உடைந்து போவதால் அதே மாதிரி இன்னொன்று வார்க்க முடியாது. சுவாமிமலையில் இன்றைக்கும் இப்படித்தான் செய்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை பிய்த்துக் கையில் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஒரு மணி நேரம் உங்களுக்குச் சமையலறையில் தொந்தரவு இருக்காது.

திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை. குழந்தைகள் தாமாகவே அங்கே ஓடிவிடுவார்கள்.

மத்தியானத்துக்கு இன்னொரு நல்ல இடம் கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010ல் திறந்தது. குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி, நடுவே ஒரு செயற்கை மரம், சுற்றிலும் கதைப் புத்தகங்கள். குளுகுளு என்று இருக்கும், உள்ளே நுழையக் கட்டணமும் இல்லை. கைக்குழந்தையும் படிக்கிற குழந்தையும் சேர்ந்து இருக்கிற தாய்மாருக்கு இதைவிடச் சௌகரியமான இடம் எனக்குத் தெரியவில்லை. கோடையில் சபாக்களில் நாடக விழாக்கள் நடக்கும். மாமியாரோ அம்மாவோ ஊரிலிருந்து வந்திருந்தால் அவர்களுக்கு ஒரு சாயங்காலம் அதற்கென்று ஒதுக்குங்கள். அவர்களும்தானே லீவுக்கு வந்திருக்கிறார்கள்!

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போவதானால் ஒரு நாளில் ஒரே இடம். முட்டுக்காட்டில் 1996ல் திறந்த தக்ஷிணசித்ரா இருக்கிறது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் எல்லாவற்றிலிருந்தும் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செவ்வாய் விடுமுறை. திண்ணையும் முற்றமும் ஏன் இருந்தன என்பதை அந்த வீட்டுக்குள் போய் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தாலே தெரிந்துகொள்ளலாம். வெளியே அனல், உள்ளே அவ்வளவு சுகம்! ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம், 1966ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் அமைத்தது. பாத்திக் துணி முதலான கைவேலைகளை விற்றுத் தங்கள் காலில் நின்றார்கள். இந்த விஷயம் நம் வாசகிகளுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாயன்று போகாதீர்கள், மற்ற நாட்களில் திறக்கும்போதே போய்ப் பத்தரைக்குள் திரும்பிவிடுங்கள். அதற்கு மேல் புலியே வெளியில் வராமல் நிழலில் படுத்திருக்கும், நாம் மட்டும் எதற்கு அலைய வேண்டும்?

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் என்று ஒரு ஓட்டல் 1962 முதல் 2008 வரை இருந்தது. மரத்தடியில் காரை நிறுத்தினால் காருக்கே தட்டைக் கொண்டுவந்து மாட்டுவார்கள். கார் இல்லாதவர்களும் உள்ளே உட்கார்ந்து மணிக்கணக்கில் காபியோடு அரட்டை அடிக்கலாம். இப்போது அந்த இடத்தில் 2010ல் திறந்த செம்மொழிப் பூங்கா இருக்கிறது. பச்சைப் பசேல் என்று அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அங்கே போகும்போதெல்லாம் எனக்குப் பூரியின் வாசனை வருகிற மாதிரி ஒரு பிரமை!

வெளியில் சாப்பிடுவதானால் கண்ணெதிரே கொதிக்கிறதும் பொரிகிறதும் நல்லது. ஆவி பறக்கும் இட்லி, தோசை, சூடான பொங்கல். காலையில் அரைத்து மத்தியானம் வரை வெளியே வைத்த தேங்காய்ச் சட்னியைக் குழந்தைக்குப் போடாதீர்கள். சாம்பார் சூடாக இருந்தால் அது போதும். நறுக்கி வைத்த தர்பூசணி பார்க்க எவ்வளவு ஜோராக இருந்தாலும் வேண்டாம். முழுப் பழமாக வாங்கி வீட்டில் கழுவி நறுக்கலாம். கரும்புச் சாறு, சர்பத் எதுவானாலும் ஐஸ் போடாமல் வாங்குங்கள். அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்ததோ! கண்முன்னே சீவும் இளநீருக்கும் நுங்குக்கும் இந்தப் பயமில்லை. கடற்கரையில் சூடாகச் சுட்ட சோளக்கதிர் சரி. வாளித் தண்ணீரில் கை விட்டுத் தரும் பானி பூரி, கோடையில் மட்டுமாவது கூடாது.

என்னைக் கேட்டால் கட்டுச்சாதத்துக்கு ஈடு கிடையாது. அதிலும் தயிர்சாதம். மத்தியானம் திறந்தால் புளித்துக் கிடக்கிறது என்று பலர் சொல்வார்கள். காரணம், தயிரைப் போட்டுப் பிசைந்து எடுத்துப் போவதுதான். ஒரு ஆழாக்கு அரிசியை நாலு மடங்கு தண்ணீர் விட்டுக் குழைய வடித்து, சூட்டோடு மசித்துவிடுங்கள். அகலத் தாம்பாளத்தில் பரப்பி ஆற விடுங்கள். கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் காய்ச்சி ஆறின பால் ஒன்றரை டம்ளர் விட்டு, ஒரே ஒரு டீஸ்பூன் தயிர் கலந்து, உப்பைப் போடுங்கள். கடுகு, பெருங்காயம், இஞ்சி தாளித்துக் கொட்டுங்கள். குழந்தைக்கு என்றால் பச்சைமிளகாய்க்குப் பதில் துருவிய காரட், மாதுளை முத்து. காலை ஏழரைக்குக் கட்டினால் பன்னிரண்டரைக்குத் தயிர் தோய்ந்து வாசனையாக இருக்கும். சூட்டோடு டப்பாவை மூடினால் மட்டும் எதுவும் உருப்படாது, சாதம் வியர்த்துக் கெட்டுவிடும். தொட்டுக்கொள்ள வடுமாங்காய். கூட ஒரு டப்பா புளியோதரை, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு. தேங்காய்ச் சாதம், உருளைக்கிழங்குப் பொடிமாஸ் இரண்டையும் மே மாதத்தில் பையில் வைக்காதீர்கள்.

குடிக்க நீர்மோரும் பானகமும். பானகத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு நூறு கிராம் வெல்லம், ஒரு எலுமிச்சை, சுக்குப்பொடி, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் வரும் நாளன்று தெருவெல்லாம் நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். வெயிலில் நடப்பவருக்கு என்ன தேவை என்பது நம் பெரியவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தண்ணீர் மட்டும் ஆளுக்கு ஒரு பாட்டில் தனித்தனியாக. "தாகமா?" என்று குழந்தையைக் கேட்காதீர்கள். விளையாட்டு மும்முரத்தில் இல்லை என்றுதான் சொல்லும். அரை மணிக்கு ஒரு தரம் நாமே நாலு மடக்குக் குடிக்க வைக்க வேண்டும்.

கைக்குழந்தைக்காரர்களுக்கு ஒரு விஷயம். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குக் கோடையிலும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம். பாலிலேயே தண்ணீர் இருக்கிறது. அடிக்கடி கொடுத்தால் போதும். தண்ணீரை அம்மாதான் கூடுதலாகக் குடிக்க வேண்டும். நிறுத்திய காருக்குள் குழந்தையை "இதோ ரெண்டே நிமிஷம்" என்று விட்டுவிட்டுக் கடைக்குள் போவதை மட்டும் ஒருநாளும் செய்யாதீர்கள். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் உள்ளே சூடு மளமளவென்று ஏறிவிடும்.

குழந்தை ஓய்ந்து போனால், நாக்கு உலர்ந்தால், அழுதால் கண்ணீர் வராவிட்டால், நாலைந்து மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், நீர் வற்றுகிறது என்று அர்த்தம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றிரண்டு எப்போதும் பையில் இருக்கட்டும். பொட்டலத்தில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அது இல்லாவிட்டால், சுத்தமான தண்ணீர் ஒரு லிட்டருக்குத் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்காதீர்கள். சரியான கலவை இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது. உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ, நினைவு தப்பினாலோ அது வெப்ப வாதம். உடனே 108க்கு போன் பண்ணிவிட்டு, நிழலுக்குக் கொண்டுபோய், உடுப்பைக் கழற்றி, தண்ணீரால் நனைத்து விசிறிக்கொண்டே இருங்கள். நினைவில்லாதபோது வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. இது காய்ச்சல் இல்லை. காய்ச்சல் மாத்திரை இதற்குக் கேட்காது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மெரினா. உழைப்பாளர் சிலையிலிருந்து ஆரம்பியுங்களேன். சென்னை ஓவியக் கல்லூரியின் தலைவராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959ல் வைத்தது. பாறையைத் தள்ளும் நாலு பேரில் யார் அதிகம் கஷ்டப்படுகிறார்கள் என்று குழந்தைகளிடையே பெரிய சண்டையே நடக்கும்.

அலையில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மெரினாவில் கரை சட்டென்று சரிவாக இறங்குகிறது, அடியில் இழுப்பும் அதிகம். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் ஒரு வெள்ளை வளைவு நிற்கிறதே, பலர் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக் கொள்கிறார்கள். 1930 டிசம்பர் 30 அன்று மற்றவர்களைக் காப்பாற்றப் போய்த் தானே மூழ்கிப்போன ஷ்மிட் என்ற டென்மார்க்காரரின் நினைவாக வைத்தது அது. குழந்தைகளிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் நான் தண்ணீர்ப் பக்கம் அழைத்துப் போவேன். கணுக்கால் நனையலாம், அதற்கு மேல் கிடையாது. ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் கை. ஒரு சீட்டில் நம் போன் நம்பரை எழுதிக் குழந்தையின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் குழந்தை கையை உதறிக்கொண்டு பலூன்காரர் பின்னால் ஓட ஒரு நிமிஷம் ஆகாது.

செலவு? சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று வந்தது. அதன் பிறகு எங்கள் வீட்டு உலா முக்கால்வாசி பஸ்ஸில்தான். ஜன்னல் சீட்டுக் கிடைத்தால் குழந்தைகளுக்கு அதுவே ஒரு வேடிக்கை.

திருச்சி நாத்தனார் இப்போதும் மே மாதம் வருகிறாள். சின்னவள் காலேஜில் படிக்கிறாள். போன வருஷம் மியூசியத்துக்குக் கிளம்பும்போது, "அண்ணி, தண்ணி எடுத்தாச்சா?" என்று நாத்தனார் என்னை மூன்று தரம் கேட்டாள். "அத்தை, அம்மா இப்படித்தான், என் ஹாஸ்டலுக்கும் தினம் போன் பண்ணி இதையே கேக்கறா" என்று சிரித்தாள் அந்தப் பெண். திரும்பி வந்தபோது ராத்திரி எட்டு மணி. அடுப்பு மூட்ட யாருக்கும் தெம்பில்லை. காலையில் எடுத்து வைத்த மாவில் ஆளுக்கு இரண்டு தோசை, மிச்சமிருந்த வடுமாங்காய், ஒரு டம்ளர் மோர்.